முன் ஷொக் அப்சோபரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி? கொயில்ஓவர் யாருக்குத் தேவை?

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான் கதவு மறுபடியும் திறந்தது. இடையில் 2022 இல், 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. கதவு திறந்த பிறகும், வரியோடு சேர்ந்து வரும் புதிய வாகன விலை நம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. அதனால்தான் மருதமுனை முதல் பொத்துவில் வரை கரையோரப் பாதையில் பதினைந்து, இருபது வருடப் பழைய கார்களும் வேன்களும் இன்னமும் குடும்பங்களைச் சுமந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். பிரேக் பழுதானால் அந்த நிமிடமே தெரியும். ஷொக் அப்சோபர் அப்படியல்ல. அது மாதக்கணக்கில் சிறிது சிறிதாகச் செயலிழக்கும். ஓட்டுபவரும் அந்த ஆட்டத்துக்குப் பழகிவிடுவார். மழை நாளில் திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டி வரும்போதுதான் வண்டி சொன்னபடி நிற்பதில்லை. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்காக 2008 முதல் செய்யப்படும் புகைப் பரிசோதனை ஷொக்கைப் பார்ப்பதில்லை. தனியார் கார் ஒன்றின் ஷொக் நல்லதா கெட்டதா என்று பார்க்கும் பொறுப்பு அநேகமாக அதன் சொந்தக்காரரிடமே விடப்பட்டிருக்கிறது.

நான் தொழில்முறை மெக்கானிக் அல்ல. கல்முனையில் ஒரு டொயோட்டா கொரொல்லா 121 காரைப் பல வருடமாக வைத்திருப்பவன். அதன் முன் ஷொக்குகளை வீட்டு முற்றத்தில் நானே மாற்றினேன். பிறகு, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கொயில்ஓவர் சோடி ஒன்றை மருமகனின் காரில் பூட்டவும் கூட நின்றேன். இரண்டு வேலைகளிலும் தெரிந்துகொண்டதை, இதே வேலையை எண்ணியிருப்பவர்களுக்குப் பயன்படும் ஒழுங்கில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யுத்த காலத்தில் வடக்கில் பெற்றோலும் உதிரிப்பாகமும் தடுக்கப்பட்டபோது, ஓஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய மக்கள் நாம். இல்லாததை வைத்துச் சமாளிப்பது நமக்குக் கைவந்த கலை. ஆனால் இந்த வேலையில் மூன்று இடங்களில் சமாளிப்புக்கு இடமில்லை: வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட், ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி, ஸ்ட்ரட்டின் நடு நட். இந்த மூன்றிலும் சமாளிக்கப் போனால் கை போகலாம், உயிரும் போகலாம்.

ஷொக் செய்யும் வேலை

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஷொக் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்குவது ஸ்பிரிங். சில்லு குழியில் விழுந்து எழும்பும்போது ஸ்பிரிங் அமுங்கி விரியும். விட்டுவிட்டால் அது பல தடவை ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷொக். அதன் உள்ளே எண்ணெய் நிறைந்த குழாயில் ஒரு பிஸ்டன் ஓடும். பிஸ்டனில் உள்ள நுண்ணிய துளைகளூடாக எண்ணெய் நெருக்கிப் பிடித்துச் செல்லும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடும். எண்ணெயில் நுரை கட்டாதிருக்க இன்று பெரும்பாலான ஷொக்குகளில் நைதரசன் வாயுவும் அடைக்கப்பட்டிருக்கும்.

ஷொக் செத்துவிட்டால் சில்லு பாதையைத் தொட்டும் தொடாமலும் துள்ளும். தொடாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. எனவே இதைச் சொகுசுச் சாமானாக நினைக்கக்கூடாது. பிரேக்கின் பங்காளி என்றே நினைக்க வேண்டும்.

உங்கள் வண்டி எந்த வகை?

கொரொல்லா, விட்ஸ், ஓல்டோ, வெகன் ஆர், நிசான் சனி போன்ற கார்களின் முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட் வகை. ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரால் வந்தது. 1950 இல் இங்கிலாந்தின் ஃபோர்ட் கொன்சல் காரோடு பரவலான பாவனைக்கு வந்தது. இதில் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே தண்டாக இருக்கும். ஷொக்கை மட்டும் மாற்றுவதானாலும் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

நம் பகுதியில் ஹயர் ஓடும் டொல்பின், கே.டி.எச். வேன்களின் முன்பக்கம் வேறு. அங்கே பாரத்தைத் தாங்குவது நீளத்துக்கு முறுக்கப்பட்ட ஓர் உருக்குக் கம்பி. ஷொக் தனியாக நிற்கும். ஸ்பிரிங்கை அமுக்கும் வேலையே இல்லை. கீழ் ஆர்முக்கு ஜக் கொடுத்துவிட்டு, மேலும் கீழும் உள்ள நட்டுகளைக் கழற்றினால் ஷொக் கையோடு வந்துவிடும். முதல் தடவை செய்பவர்களுக்கு இதுவே இலகுவான வேலை. இன்னும் உயிரோடிருக்கும் மொரிஸ் மைனர்களிலும் முன்பக்கம் முறுக்குக் கம்பிதான். ஆனால் அவற்றின் நெம்புகோல் வகை ஷொக்கே சில்லைப் பிடிக்கும் மேல் ஆர்மாகவும் இருக்கிறது. அதைப் பழைய கை ஒன்றிடம் கொடுப்பதே நல்லது.

இந்தக் கட்டுரையின் மீதிப்பகுதி மக்பர்சன் ஸ்ட்ரட் கார்களைப் பற்றியது.

நோய் ஷொக்கில்தானா?

குழியில் விழும்போது கேட்கும் ‘டொக் டொக்’ சத்தத்தை வைத்து ஷொக் வாங்கப் போகாதீர்கள். அந்தச் சத்தம் அனேகமாக ஸ்டெபிலைசர் லிங்க், லோவர் ஆர்ம் புஷ், போல் ஜொயின்ட், அல்லது ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட் ஆகியவற்றிலிருந்து வரும். லிங்க் ஒன்றின் விலை ஷொக்கின் விலையில் சிறு பங்குதான். முதலில் அவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

ஷொக் செத்ததற்கான அடையாளங்கள் இவை:

குழாயின் வெளியே எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டிப் பிசினாக இருப்பது. மெல்லிய ஈரப்பசை மட்டும் என்றால் உடனே பயப்படத் தேவையில்லை.

டயரின் மேற்பரப்பு ஒரே சீராகத் தேயாமல், கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தெரிவது.

பிரேக் பிடிக்கும்போது மூக்கு ஆழமாகக் குத்துவது. சிறிய மேட்டைத் தாண்டிய பின்னும் முன்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடுவது.

பம்பரை அழுத்திவிட்டுப் பார்க்கும் பழைய முறையில் முற்றாகச் செத்த ஷொக் மட்டுமே பிடிபடும். பாதி செத்தது தப்பிவிடும். டயரையும் எண்ணெய்க் கசிவையும் நம்புங்கள்.

ஒரு பக்கம் போயிருந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி சமமாக அமராது.

கொயில்ஓவர் என்பது என்ன?

ஷொக்கின் மேல் ஸ்பிரிங் ஏறி நிற்பதையே இந்தச் சொல் குறிக்கிறது. அந்தக் கணக்கில் சாதாரண ஸ்ட்ரட்டும் கொயில்ஓவர்தான். ஆனால் கடையில் கொயில்ஓவர் என்று விற்பது வேறு. அதன் குழாயில் வெளியே மரை வெட்டப்பட்டிருக்கும். ஸ்பிரிங் அமரும் தட்டு அந்த மரையில் ஏறி இறங்கும். அதனால் வண்டியின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பலவற்றில் ஷொக்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழும் உண்டு. ஸ்பிரிங் நீளத்தில் குட்டையாகவும் பலத்தில் கடினமாகவும் இருக்கும். இது ஓட்டப் பந்தயத்திலிருந்து வந்த சாமான்.

இதற்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. மேல் மவுன்ட்டோடு முழுமையாக வரும் கொயில்ஓவரை அப்படியே தூக்கிப் பூட்டலாம். ஸ்பிரிங்கை அமுக்கும் ஆபத்தான கட்டத்தையே தவிர்க்கலாம். பழைய மவுன்ட்டை எடுத்துப் பூட்ட வேண்டிய வகை என்றால் அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. ஏனென்றால் பழைய ஸ்ட்ரட்டை எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மற்றப் பக்கத்தையும் பார்ப்போம். நம் வண்டியில் ஏறுபவர் யார் என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் தெருவில் முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஷெல் துண்டோடு வாழும் ஒருவரை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு நான் அடிக்கடி கூட்டிச் செல்வதுண்டு. சாதாரண ஷொக் உள்ள என் காரில் அந்த 40 கிலோமீற்றரளவு தூரத்தை அவர் பேசிக்கொண்டே வருவார். மருமகனின் காரில் ஒருநாள் ஏறியவர், களுவாஞ்சிக்குடி வரும்போதே இருக்கையைப் பிடித்துக்கொண்டு மௌனமாகிவிட்டார். முள்ளந்தண்டில் காயப்பட்டவர், காலில் உலோகத் தகடு உள்ளவர், செயற்கைக் கால் பொருத்தியவர் நம் பகுதியில் பல வீடுகளில் இருக்கிறார்கள். கடினமான ஸ்பிரிங் ஒவ்வொரு சிறிய மேட்டையும் அவர்களின் எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அதேதான்.

இரண்டாவது, பாதை. ஏ-4 பாதை இன்று நல்ல தார்ப் பாதை. ஆனால் அதிலிருந்து இறங்கினால் உள்வீதி, வயற்பாதை, மழைக்காலத்தில் நீர் பாயும் தாம்போதி. உயரம் குறைத்த கார் கிட்டங்கிப் பக்கம் போவது எண்ணெய்த் தொட்டியைக் கல்லில் உரசக் கொடுப்பதற்குச் சமம். சிலர் எதிர்ப்பக்கமாக, வெள்ளத்தைக் கடக்கலாம் என்று உயரத்தைக் கூட்டுகிறார்கள். நீர் வேகமாக ஓடும் தாம்போதியில் இரண்டு அங்குல உயரம் எதையும் மாற்றாது. 2024 நொவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களோடு சென்ற உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்றது. கார் எம்மாத்திரம்?

மூன்றாவது, உப்பு. கடலிலிருந்து சில நூறு மீற்றரில் நிற்கும் வண்டியில் வெளியே தெரியும் மரை ஒவ்வொரு நாளும் உப்புக் காற்றைக் குடிக்கும். பராமரிக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் தட்டு மரையோடு ஒட்டிவிடும். பிறகு உயரத்தை மாற்ற முடியாத கொயில்ஓவர் விலை கூடிய சாதாரண ஷொக்தான்.

நான்காவது, சட்டம். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு மேலதிகப் பொருத்துகைகள் உள்ள வாகனங்களைப் பொலிஸார் பரிசோதிக்கத் தொடங்கியதை எல்லோரும் அறிவோம். பூட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் கேளுங்கள். காப்புறுதியின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு வாய்ச்சொல் நிற்காது.

எனவே என் கருத்து நேரானது. குடும்பத்துக்கும் ஹயருக்கும் ஓடும் காருக்குத் தயாரிப்பாளர் சொன்ன சாதாரண ஷொக்கே போதும். வெளிநாட்டிலிருந்து தம்பியோ மச்சானோ ஏதாவது அனுப்பக் கேட்டால், அதே காசுக்கு நல்ல சாதாரண ஷொக்கும், மேல் மவுன்ட்டும், பெயாரிங்கும், லிங்க்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

வாங்கும்போது

காரின் மாடல் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். ‘கொரொல்லா ஷொக்’ என்று கேட்டால் பொருந்தாத ஒன்று கைக்கு வரலாம். இடது, வலது வேறு வேறு. இலக்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

பஞ்சிகாவத்தையிலோ வேறிடத்திலோ ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய ஸ்ட்ரட் வாங்குபவர்கள், நிமிர்த்திப் பிடித்துத் தண்டைக் கையால் முழுதாக அமுக்கிப் பாருங்கள். இறங்கும் வழி முழுதும் ஒரே எதிர்ப்பு இருக்க வேண்டும். இடையில் வெறுமையாக விழுந்தால் எண்ணெய் குறைந்துவிட்டது. பளபளக்கும் தண்டில் துருப் புள்ளி இருந்தால் அது எண்ணெய் சீலை விரைவில் வெட்டும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் எதை மறைக்க அடித்தார்கள் என்று யோசியுங்கள். ஷொக்கை வெட்டி எண்ணெய் மாற்றி ஒட்டித் தரும் வேலையும் நம் நாட்டில் உண்டு. யுத்த காலத்தில் அது அவசியமாக இருந்தது. இன்று புதியது கிடைக்கும்போது முன் ஷொக்குக்கு நான் அதை நாடமாட்டேன்.

ஷொக்கோடு சேர்த்து வாங்க வேண்டியவை: மேல் மவுன்ட், அதன் பெயாரிங், பம்ப் ஸ்டொப் றப்பர், புழுதி மறைப்பு, புதிய நடு நட். இவற்றை மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்ய நேரும்.

வேலைக்கு முன்

நம் கரையோர முற்றங்கள் மணல். மணலில் ஜக் சாயும், ஸ்டாண்ட் புதையும். கொங்கிறீட் தளம் தேடுங்கள். இல்லையென்றால் அகலமான தடித்த பலகையோ கொங்கிறீட் பாளமோ போட்டு அதன் மேல் வையுங்கள். சீமெந்துக் கல்லை ஸ்டாண்டாக வைக்கவே கூடாது. பாரம் ஏறினால் அது எச்சரிக்காமல் நொறுங்கும்.

தேவையானவை: ஜக் ஒன்று, ஸ்டாண்ட் இரண்டு, ஸ்பிரிங் கம்பிரசர் ஒரு சோடி, 10 முதல் 22 வரை சொக்கட்டும் ஸ்பானரும், அலன் கீ, நீண்ட கைப்பிடி, துரு இளக்கும் ஸ்பிரே, வயர் பிரஷ், முடிந்தால் டோர்க் ரென்ச். கம்பிரசரை வாங்க முடியாவிட்டால் தெரிந்த கராஜ் ஒன்றில் ஒருநாளுக்கு இரவல் கேளுங்கள்.

முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளின் மரையையும் வயர் பிரஷ்ஷால் துப்புரவாக்கி ஸ்பிரே அடித்துவிடுங்கள். உப்புத் துருவுக்கு ஓர் இரவு ஊறல் தேவை. ஷொக்குக்குப் பக்கத்தில் நெருப்புக் காட்டி நட் இளக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது.

முதல் தடவை என்றால் முழு நாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கினால் ஜும்ஆவுக்கு முன் முடியாது. அவசரப்பட்டுச் செய்யும் வேலையல்ல இது.

கழற்றுதல்

வண்டியைத் தூக்குவதற்கு முன், முன் சில்லின் மையத்திலிருந்து மட்கார்ட் ஓரம் வரை உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். கொயில்ஓவர் பூட்டுபவர்களுக்கு இந்த இலக்கம் கட்டாயம் தேவைப்படும்.

1. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சில்லு நட்டுகளைத் தரையிலேயே கால் சுற்று இளக்குங்கள்.

2. முன்பக்கத்தைத் தூக்கி, இரு பக்கமும் ஸ்டாண்டில் அமர்த்துங்கள். வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திரும்ப இறக்கி வையுங்கள். கழற்றிய சில்லை வண்டியின் ஓரச் சட்டத்துக்குக் கீழே படுக்க வையுங்கள். ஸ்டாண்ட் சரிந்தாலும் அது ஓர் இடைவெளி தரும்.

3. ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸின் கிளிப்பையும் ஏ.பி.எஸ். வயரையும் விடுவியுங்கள். ஹோஸைக் கழற்ற வேண்டியதில்லை.

4. ஸ்டெபிலைசர் லிங்க்கின் நட்டைக் கழற்றுங்கள். தண்டு கூடவே சுற்றினால் அதன் நுனியில் அலன் கீயால் பிடியுங்கள். இரு பக்கச் சில்லுகளும் தொங்கும் நிலையில் இது இலகு.

5. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள் இருக்கும் இடத்தைப் பெயின்டால் அடையாளமிடுங்கள். சில்லின் சாய்வு அந்த இடத்தைப் பொறுத்தது. நட்டுகளை இளக்குங்கள். போல்ட்டுகளை இப்போதே எடுக்காதீர்கள்.

6. பொனட்டைத் திறந்தால் மேல் மவுன்ட்டில் மூன்று சிறிய நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். சில கார்களில் வைப்பரையும் அதன் கீழ் பிளாஸ்டிக் மறைப்பையும் முதலில் எடுக்க வேண்டும். மூன்று சிறியவற்றில் இரண்டைக் கழற்றி, ஒன்றை நான்கு மரையில் தொங்க விடுங்கள். நடு நட்டைத் தொடவே தொடாதீர்கள். ஸ்பிரிங்கின் முழுப் பலத்தையும் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

7. கீழ் ஆர்முக்கு ஜக்கால் மெல்லிய தாங்கு கொடுத்து, பெரிய போல்ட்டுகளைத் தட்டி எடுங்கள். நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைக் கம்பியால் கட்டி வையுங்கள். சாய விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், அக்ஸிலின் உள் மூட்டும் கழரலாம்.

8. உதவியாளர் கீழே ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்க, மேலே கடைசி நட்டைக் கழற்றி இறக்குங்கள்.

ஸ்பிரிங்கைப் பிரித்தல்

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. சுமார் 1100 கிலோ எடையுள்ள காரில், முன்பக்கத்து ஒவ்வொரு ஸ்பிரிங்கும் சாதாரணமாக 300 கிலோவளவு பாரத்தைத் தாங்கி நிற்கிறது. அமுக்கப்பட்ட ஸ்பிரிங் திடீரென்று விடுபட்டால் அது தாடையை உடைக்கும், மண்டையைப் பிளக்கும்.

கம்பிரசரின் இரண்டு தண்டுகளையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில், முடிந்தளவு அதிக வளையங்களைப் பிடிக்குமாறு மாட்டுங்கள். ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் அதேயளவு சுற்று என்று மாறி மாறிக் கையால் இறுக்குங்கள். மின் ரென்ச் வேண்டாம். ஸ்பிரிங்கின் நுனிகள் முகத்தையோ வயிற்றையோ பார்க்காமல் சுவர்ப் பக்கம் பார்க்கட்டும். பிள்ளைகளை முற்றத்தில் நிற்க விடாதீர்கள்.

மேல் தட்டு ஸ்பிரிங்கிலிருந்து விடுபட்டுக் கையால் ஆட்டக்கூடியதாக வந்த பிறகுதான் நடு நட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும். அதற்கு முன் இல்லை. கட்டுக் கம்பியாலும் கயிற்றாலும் ஸ்பிரிங்கைக் கட்டி வைத்துக் கழற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அது பத்துத் தடவை சரிவரும். பதினோராவது தடவைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கம்பிரசர் இல்லையென்றால் ஸ்ட்ரட்டைக் கராஜுக்குக் கொண்டுபோய் இந்தக் கட்டத்தை மட்டும் அங்கே செய்வித்து வாருங்கள். அதில் வெட்கமில்லை.

புதிய ஷொக்கைப் பூட்டுவதற்கு முன் நிமிர்த்தி வைத்து மூன்று நான்கு தடவை முழுதாக அமுக்கி விரியுங்கள். படுக்க வைத்திருந்ததால் சேர்ந்த காற்று வெளியேறும். பளபளக்கும் தண்டைக் குறட்டால் பிடிக்காதீர்கள். ஸ்பிரிங்கின் கீழ் நுனி தட்டின் படியில் சரியாக அமர வேண்டும். றப்பர், மறைப்பு, மவுன்ட், பெயாரிங் ஆகியவற்றைப் பழைய ஒழுங்கிலேயே வையுங்கள். கழற்றும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால் இங்கே தடுமாற மாட்டீர்கள். நடு நட்டை இறுக்கிய பின்னரே கம்பிரசரை மாறி மாறி இளக்குங்கள்.

பூட்டுதல்

வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். முதலில் மேல் நட்டுகள், பிறகு நக்கிள் போல்ட்டுகள், லிங்க், பிரேக் ஹோஸ். நக்கிள் போல்ட்டுகளைப் பழைய பெயின்ட் அடையாளத்துக்குக் கொண்டுவந்த பின் இறுக்குங்கள்.

என் கொரொல்லா 121 க்கு நான் பயன்படுத்திய இறுக்க அளவுகள்: மேல் மூன்று நட்டுகள் 39 நியூட்டன் மீற்றர், நடு நட் 47, லிங்க் 74, நக்கிள் போல்ட்டுகள் 153, சில்லு நட்டுகள் 103. உங்கள் காருக்கு அதன் கைநூலில் உள்ளதையே எடுங்கள்.

டோர்க் ரென்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: அரை மீற்றர் கைப்பிடியின் நுனியில் 31 கிலோ பாரத்தளவு அழுத்தினால் அது 153. அதே நுனியில் 21 கிலோ என்றால் 103. கால் மீற்றர் ஸ்பானரில் 16 கிலோ என்றால் 39. மேல் நட்டுகள் சிறியவை. முழுப் பலத்தையும் போட்டால் மரை அறுந்துவிடும்.

டொல்பின் போன்ற வேன்களில் ஷொக்கின் நுனியில் றப்பர் புஷ் இருந்தால், அந்த போல்ட்டை வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் ஏறிய பிறகே கடைசியாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும்.

கொயில்ஓவர் பூட்டியே தீருவேன் என்பவர்களுக்கு

உயரத்தை நீங்கள் முதலில் அளந்த பழைய இலக்கத்துக்கே வையுங்கள். இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். கீழ்ப்பகுதி மரையிலும் உயரம் மாற்றும் வகை என்றால், உயரத்தை அங்கே மாற்றுங்கள். ஸ்பிரிங் தட்டை உற்பத்தியாளர் சொன்ன இடத்திலேயே விடுங்கள். இல்லாவிட்டால் ஷொக்கின் ஓடும் தூரம் குறையும், அல்லது சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம்மாறும்.

பூட்டு வளையங்களை அதற்குரிய கொக்கி ஸ்பானரால் இறுக்குங்கள். சுத்தியலும் உளியும் மரையைக் கெடுக்கும். மரை முழுதும் செம்பு கிறீஸ் பூசுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வளையத்தைச் சற்று இளக்கித் திரும்ப இறுக்குங்கள். இறுக்கக் குமிழை மிக இளகிய நிலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். முன்னால் மட்டும் கடினமான ஸ்பிரிங் போட்டால் வளைவுகளில் வண்டி வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

முடிந்த பின்

ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கும் உரசுகிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, மெதுவாக. சத்தம் கேட்டால் நிறுத்திப் பாருங்கள். 50 கிலோமீற்றர் ஓடிய பின் சில்லு நட்டுகளையும் நக்கிள் போல்ட்டுகளையும் மறுபடி சோதியுங்கள்.

வீல் அலைன்மென்ட் கட்டாயம். போல்ட் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் சில்லின் கோணம் மாறும், புதிய டயர் சில மாதத்தில் ஒரு பக்கம் தேயும். உயரத்தை மாற்றியவர்கள் முன் விளக்கின் கோணத்தையும் சரிசெய்ய வேண்டும். இரவில் எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது.

கழற்றிய ஷொக்கை நெருப்பில் போடாதீர்கள், வெல்டிங் செய்யாதீர்கள், வெட்டாதீர்கள். உள்ளே இன்னமும் வாயு இருக்கலாம். பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுக்கும்போதும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

எப்போது நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்?

ஸ்ட்ரட் ஏறும் மேல் கோபுரத்தில் துரு ஓட்டை விழுந்திருந்தால். வெள்ளத்திலோ கடல்நீரிலோ மூழ்கி எழுந்த வண்டியாக இருந்து போல்ட்டுகள் அறுந்து வந்தால். ஸ்பிரிங்கில் வெடிப்புத் தெரிந்தால். கம்பிரசரின் கொக்கி வழுக்கினால். கூட ஓர் உதவியாளர் இல்லையென்றால். இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இந்தப் பாதையில் ஒரு காலம் தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு அச்சங்களோடு பயணித்தார்கள். பொழுது சாய்ந்தால் நோயாளியை ஏற்றிப் போக வாகனம் கிடைக்காத இரவுகளை இரு பக்கத்து வீடுகளும் அறியும். இன்று பாதை திறந்திருக்கிறது. பல வீடுகளில் அந்தப் பழைய கார்தான் அம்புலன்ஸும் பள்ளிக்கூட வேனும். அதன் முன் ஷொக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குனிந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும். எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, டயர் சீராகத் தேய்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் அதுவே நல்ல தொடக்கம்.